சன்ரூப் ஒழுகுகிறதா? கூரையை வெட்ட முன் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

நமது வியாபாரிகளில் அநேகருக்கு ஜீப் வண்டி ஓர் ஆடம்பரப் பொருளல்ல. அது ஒரு தொழில் உபகரணம். கொள்முதலுக்குப் போவதும், பாக்கி அறவிடப் போவதும், விடுமுறையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவதும் அதே வண்டியில்தான். 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கையிலிருந்த பழைய வண்டியைப் பேணிக் காப்பதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் வரியோடு சேர்ந்து வரும் விலை நம்மில் பெரும்பாலானோரின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருபது, முப்பது வருடம் பழமையான பஜிரோ, பிராடோ, லேண்ட் குரூசர், டிஸ்கவரி போன்ற வண்டிகள் இன்றும் நமது கடை வாசல்களில் நிற்கின்றன.

இவ்வண்டிகளில் பலவற்றில் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, அதாவது சன்ரூப் இருக்கிறது. வண்டி புதிதாக இருந்த காலத்தில் அது ஓர் அழகு. வண்டி பழையதானதும் அதுவே தலைவலி. மழை பெய்தால் உள்ளே தண்ணீர். கராஜுக்குப் போனால் ஆளுக்கொரு வைத்தியம். கடைசியில் வெறுத்துப்போய், வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. இந்த வாரம் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், சில நூறு ரூபாவில் முடியவேண்டிய வேலைக்கு நமது ஆட்கள் இலட்சக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதுதான்.

மூன்று கராஜ், மூன்று வைத்தியம்

நான் புடவை வியாபாரம் செய்பவன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை கொழும்பிலிருந்து கண்டிப் பக்கம் மாதிரிப் புடவைக் கட்டுகளோடு போய் வருவேன். எனது ஜீப் தொண்ணூறுகளில் தயாரான ஜப்பான் வண்டி. ஒரு வைகாசி மழையில் அதன் கூரை ஒழுகத் தொடங்கியது. முதலில் உள்விளக்கின் ஓரத்தில் ஒரு கறை. பிறகு இடது பக்க முன் ஆசனத்தின் கால் மிதிக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரம். அதன்பின் பின்பக்கம் ஏற்றியிருந்த புடவைக் கட்டு ஒன்றின் ஓரம் மஞ்சள் நிறமாகியது. புடவைக்காரனுக்குத் தண்ணீர்க் கறை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கறைபட்ட துணியைக் கழிவு விலைக்குக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள்.

மூன்று கராஜ்களில் காட்டினேன். முதலாமவர் கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கன் பூசி நிரந்தரமாக ஒட்டிவிடுவோம் என்றார். இரண்டாமவர் இறப்பர் பழுதாகிவிட்டது, புதிய இறப்பரை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், முற்பணம் தாருங்கள் என்றார். மூன்றாமவர் டிங்கர் வேலை செய்பவர். "முதலாளி, கூரையை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் பண்ணிப் பெயின்ட் அடித்தால் பிரச்சினை ஒரேயடியாக முடியும்" என்றார். அவர் சொன்ன தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது.

மூவரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன். "தண்ணீர் இந்த இடத்தால்தான் வருகிறது என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" மூவரும் கண்ணாடியைத்தான் காட்டினார்கள். ஒருவராவது தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. ஆகவே வேலையை எவருக்கும் கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கடையில் ஒரு கட்டுப் புடவை வாங்கும்போது பிரித்துப் பார்க்காமல் காசு கொடுப்போமா? கராஜுக்கும் அதே சட்டம்தான்.

மாவனல்லைப் பக்கத்தில் தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரைச் சிநேகிதர் ஒருவர் அறிமுகம் செய்தார். அவர் வண்டியைத் தொட முன்னர் என்னிடம் கேட்டது இதைத்தான். "நானா, மழை பெய்யும்போது ஒழுகுதா, மழை விட்ட பிறகும் ஒழுகுதா?"

மழை விட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் உள்விளக்குப் பக்கத்தால் தண்ணீர் கொட்டுகிறது என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்போ தண்ணி மேலே தேங்கி நிக்குது. கண்ணாடியில் குற்றமில்லை. ஒரு போத்தல் தண்ணி கொண்டு வாங்க" என்றார்.

தண்ணீர் உள்ளே வருவது இயல்பு

நம்மில் பலருக்குத் தெரியாத விடயம் இதுதான். சன்ரூப் கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர் தண்ணீரை முற்றாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. புது வண்டியிலும் கடும் மழையில் கொஞ்சம் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே இறங்கும். அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே கண்ணாடிக்குக் கீழே, உட்கூரைத் துணிக்கு மேலே, சட்டம் போன்ற ஒரு தட்டு இருக்கிறது. அத்தட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால். பொதுவாக அதன் நான்கு மூலையிலும் நான்கு சிறு துவாரங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு பென்சில் பருமனில் ஒரு குழாய் மாட்டப்பட்டிருக்கும்.

முன்பக்கக் குழாய்கள் இரண்டும் முன் கண்ணாடியின் இரு ஓரத்திலுமுள்ள தூண்களுக்குள்ளால் இறங்கி, முன் கதவுப் பிணைச்சலுக்கு அருகிலோ முன் சில்லுக்குப் பின்னாலோ வெளியே வரும். பின்பக்கக் குழாய்கள் பின் தூண்களால் இறங்கிப் பின் சில்லுப் பக்கத்திலோ பம்பர் பக்கத்திலோ முடியும். வெளியேறும் சரியான இடம் வண்டிக்கு வண்டி மாறும். அமைப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நமது கடைக் கூரையின் பீலியை நினைத்துப் பாருங்கள். பீலியில் தண்ணீர் விழுவதை யாரும் குற்றம் சொல்வதில்லை. இறங்கு குழாயில் இலை அடைத்துக்கொண்டால், பீலி நிரம்பித் தண்ணீர் களஞ்சியத்துக்குள் விழுகிறது. அதற்கு ஓட்டை மாற்றுவோமா, குழாயைத் துப்புரவு செய்வோமா? சன்ரூப் விடயமும் இதேதான். தட்டில் தேங்கிய தண்ணீர் வண்டி இறக்கத்தில் முன்னால் சாயும். ஏற்றத்தில் பின்னால் சாயும். எங்கே சாய்கிறதோ அங்கே ஒழுகும்.

முதலில் வேறு காரணங்களைக் கழியுங்கள்

உள்ளே ஈரம் கண்டவுடன் சன்ரூப்தான் என்று முடிவெடுக்கவும் கூடாது. மழையே இல்லாத நாட்களில் ஏசி போட்டு ஓடும்போது முன் கார்ப்பெட் நனைந்தால், அது ஏசியின் கழிவுநீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம். முன் கண்ணாடியின் இறப்பருக்குக் கீழே துரு பிடித்திருந்தால் அதனாலும் தண்ணீர் இறங்கும். கூரை ரெக் பூட்டிய ஆணித் துளைகள், கதவு இறப்பர்கள் என்பனவும் சந்தேகத்துக்குரியவை. சன்ரூப்பின் அடையாளம், உட்கூரைத் துணியில் கண்ணாடி ஓரத்தையோ முன் தூண்களின் மேல் முனையையோ ஒட்டி வரும் கறையும், பிரேக் பிடிக்கும்போதோ வளைவில் திருப்பும்போதோ திடீரெனக் கொட்டும் தண்ணீருமாகும்.

போத்தல் பரிசோதனை

இதை எவரும் வீட்டு வாசலில் செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சன்ரூப்பை முழுமையாகத் திறவுங்கள். வாய்க்காலில் படிந்திருக்கும் மண், இலைத்தூள், பழைய கிரீஸ் எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். துவாரத்துக்குள் குப்பையைத் தள்ளிவிட வேண்டாம்.

பிறகு ஒரு சிறு கோப்பையால் முன் இடது மூலைத் துவாரத்தில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். இன்னொருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். சில விநாடிகளில் வண்டிக்கு அடியால் தண்ணீர் தாராளமாக வரவேண்டும். வந்தால் அந்த மூலை நலம். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. வராமல் வாய்க்காலில் தேங்கினால் முழு அடைப்பு. தண்ணீர் மேலே தேங்காமல் இறங்கியும் கீழே வராமல் வண்டிக்குள் ஈரம் தெரிந்தால், குழாய் இடையில் கழன்றோ வெடித்தோ இருக்கிறது. இப்படி நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மொத்தம் ஒரு லீற்றர் தண்ணீர் போதும். பின் மூலைகளுக்குக் கை எட்டாத வண்டிகளில் ஒரு மெல்லிய குழாயை வாய்க்காலில் வைத்து அதனால் தண்ணீர் விடலாம்.

எனது வண்டியில் முன் வலது பக்கம் உடனே ஓடியது. முன் இடது பக்கம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. பின் வலது பக்கம் தண்ணீர் இறங்கியது, ஆனால் வெளியே வரவில்லை. புடவைக் கட்டு நனைந்ததும் அதே வலது மூலையில்தான். மூன்று கராஜ்களும் கண்டுபிடிக்காததை ஒரு போத்தல் தண்ணீர் கால் மணித்தியாலத்தில் காட்டிவிட்டது.

அடைப்பு எடுக்கும் முறை

அடைப்பு பெரும்பாலும் குழாயின் கீழ் முனையில் இருக்கும். அங்கே தூசியும் பூச்சியும் மேலே ஏறாமலிருக்க, வாய் ஒடுங்கிய ஓர் இறப்பர் முனையைப் பல வண்டிகளில் பூட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் இறங்கிய மண் அதில் சேர்ந்து கல்லாகிவிடும். அதை விரல்களால் நசுக்கிப் பிசைந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எனது வண்டியின் இடது பக்கத்தில் அப்படிப் பிசைந்தபோது கறுப்புச் சேறும் உக்கிய இலைத்தூளும் வெளியே வந்தன. அதன் பின்னால் தேங்கிய தண்ணீர் ஒரே பாய்ச்சலில் கொட்டியது.

அதற்கும் அசையாவிட்டால், புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் நைலோன் நூலை எடுங்கள். அதன் நுனியை லைட்டரால் இலேசாகச் சூடாக்கி மழுங்கச் செய்யுங்கள். மேலிருந்து சுழற்றிச் சுழற்றி மெதுவாக இறக்குங்கள். கூரான கம்பியைப் பாவிக்க வேண்டாம், அது குழாயைக் கிழித்துவிடும். பிறகு இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து ஊற்றிக் கழுவுங்கள்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. டயர் கடை கொம்பிரஷர் காற்றைத் துவாரத்தில் வைத்து அடிக்கச் சொல்லி நமது ஆட்கள் அவசரப்படுவார்கள். பழைய குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது. தூணுக்குள்ளே பொருத்தை விட்டுக் கழன்றுவிடும். அதன்பின் கூரைத் தண்ணீர் முழுவதும் வண்டிக்குள்ளேதான் இறங்கும். கீழ் முனையில் வைத்து உறிஞ்சியெடுக்கும் வெக்யூம் இயந்திரம் இருந்தால் அது பாதுகாப்பானது.

குழாய் கழன்றிருந்தால் அந்தப் பக்கத் தூண் மூடியையும் உட்கூரையின் ஓரத்தையும் இறக்க வேண்டும். கூரை ஓரத்தில் எயார்பேக் உள்ள பிந்திய மொடல்களில் இதை வீட்டில் செய்யக்கூடாது. அனுபவமுள்ளவர் பெட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யட்டும். எனது வண்டியில் பின் வலது குழாய் துவாரத்தை விட்டு விலகியிருந்தது. வயது போனதில் அதன் வாய் இறுகி விரிந்துவிட்டது. இறுகிய பகுதியை வெட்டியெறிந்து, அதே உள்விட்டமுள்ள மிருதுவான இறப்பர் குழாய்த் துண்டொன்றை இடையில் இணைத்து மாட்டினோம். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் அந்தத் துண்டை வாங்கிய விலை, அன்றைய பகல் சாப்பாட்டுச் செலவை விடக் குறைவு.

இறப்பரும் சிலிக்கனும்

குழாய்கள் நான்கும் சரியான பிறகே இறப்பரைப் பார்க்க வேண்டும். வெடிப்போ கிழிசலோ இல்லையென்றால் கழுவிக் காயவைத்து, சிலிக்கன் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் போதும். சாதாரண கிரீஸும் எஞ்சின் ஒயிலும் இவ்வகை இறப்பரை ஊதிப் பழுதாக்கும். கண்ணாடியின் உயரத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் கூரை மட்டத்தை விடப் பதிந்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி அளவுக்கு மீறி உள்ளே இறங்கும். அநேக வண்டிகளில் உள்பக்கத் திருகாணிகளால் அதைச் சரிசெய்யலாம்.

சுற்றிவரச் சிலிக்கன் பூசும் வைத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வினாகிரி மணக்கும் மலிவான சிலிக்கன் காயும்போது அமிலத்தை வெளிவிடுகிறது. பெயின்ட் உரிந்த இரும்பில் பட்டால் அது துருவை வளர்க்கும். பூசிய இடத்தில் சிறு பிளவு விட்டாலும் தண்ணீர் தட்டில் இறங்கும். குழாய் அடைத்தே இருப்பதால் மீண்டும் வண்டிக்குள் ஒழுகும். பிறகு திருத்த வருபவர் அந்தச் சிலிக்கனைச் சுரண்டுவதற்கே தனிக்கூலி கேட்பார். சன்ரூப் இனித் தேவையே இல்லை என்று தீர்மானிப்பவர், முன் கண்ணாடி ஒட்டும் பசையால் கண்ணாடி வேலை தெரிந்தவரைக் கொண்டு ஒட்டிக்கொள்ளலாம். அப்போதும் குழாய்களைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

கூரையை வெட்டித் தகடு வைப்பது கடைசி வழி. தட்டே துருப்பிடித்து ஓட்டையாகி, மாற்றுத் தட்டும் கிடைக்காத நிலையில்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஈரத்தை உள்ளே விட்டுவைக்காதீர்கள்

ஒழுக்கு நின்றதோடு வேலை முடிந்துவிடாது. கார்ப்பெட்டின் மேற்பகுதி காய்ந்தாலும் அதற்கடியிலுள்ள தடித்த பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தரைத் தகடு அங்கிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. பல வண்டிகளில் வயர்க் கட்டுகளும் இணைப்புகளும் கார்ப்பெட்டுக்கு அடியாலும், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரிலும் இருக்கின்றன. பெட்டரி காரணமில்லாமல் இறங்குவதும், கதவு லொக் தானாக இயங்குவதும் இந்த ஈரத்தால் வரக்கூடியவை. ஆகவே ஆசனத்தைக் கழற்றி, கார்ப்பெட்டையும் பஞ்சையும் எடுத்து வெயிலில் உலர்த்துங்கள். எனது வண்டிக்கு நல்ல வெயிலில் இரண்டு நாள் பிடித்தது.

எல்லாம் முடிந்து, மெக்கானிக்குக்கு அவர் கேட்டதை விடக் கூடுதலாகவே கொடுத்தும், எனது செலவு கூரை வெட்டக் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. பின்பக்கத்தில் புடவைக் கட்டு உலர்ந்தே இருக்கிறது.

வாங்குபவருக்கும் விற்பவருக்கும்

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் ஒரு போத்தல் தண்ணீரையும் கொண்டு போங்கள். விற்பவர் பரிசோதனைக்கு இடம் தராவிட்டால் அதுவே ஒரு பதில். கண்ணாடி ஓரத்தில் சிலிக்கன் தடயம், உட்கூரையில் ஒரு பகுதி மட்டும் புதிய துணி, வண்டிக்குள் அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் என்பவற்றைக் கவனியுங்கள். கார்ப்பெட்டின் மூலையில் கடதாசிக் கைக்குட்டையை வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் ஒழுகும் வண்டியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்முனையில் சேற்றுக் கோடு இருந்தால் அது மழை ஒழுக்கல்ல, 2016, 2017 போன்ற வருடங்களின் வெள்ளத்தில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம்.

அடைப்பு மட்டும்தான் என்று பரிசோதனையில் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. மற்றவர்கள் தயங்கும் வண்டியை நியாயமான விலைக்கு எடுக்கும் வாய்ப்பு அது. விற்பவர்களுக்கும் அதே செய்தி. ஒழுகும் வண்டியைப் புரோக்கர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட முன்னர் குழாய்களைப் பாருங்கள். திருத்திய பின் விற்பதானால், என்ன குறை இருந்தது, என்ன செய்தோம் என்று வாங்குபவரிடம் சொல்லியே விற்றுவிடுங்கள். வெயிலில் விற்ற வண்டியின் உண்மை முதல் மழையில் வெளிவந்துவிடும். சிறிய ஊர்களில் தொழில் செய்யும் நமக்கு, ஒரு வண்டியில் கிடைக்கும் இலாபத்தை விட நமது வாக்கின் பெறுமதி அதிகம்.

இறுதியாக ஒரு யோசனை. வருடத்தில் இரண்டு தடவை, தென்மேற்கு மழைக்கு முன் சித்திரையிலும், ஆண்டிறுதி மழைக்கு முன் புரட்டாதியிலும், கடைப் பீலியைத் துப்புரவு செய்யும் அதே நாளில் வண்டியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கோப்பை தண்ணீர் விட்டுப் பாருங்கள். மரத்தடியில் நிறுத்துபவர்கள் இன்னும் அடிக்கடி பார்ப்பது நல்லது. கராஜில் யாராவது பெரிய தொகையொன்றைச் சொன்னால், தண்ணீர் எங்கே நுழைகிறது என்பதோடு, எங்கே வெளியேறாமல் நிற்கிறது என்றும் கேளுங்கள். அதைத் தண்ணீர் ஊற்றிக் காட்டக்கூடியவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.